உன் நைனா அகலமாக்கிய செருப்பு

கார்த்தி,

சாப்பிட்டாயா என்று கேட்காமல் அம்மாவுக்குப் பேச்சே வராது என்று உன் நண்பர்களிடம் கேலி செய்வாய். இந்த முறை அதைக் கடைசியில் கேட்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, முதலில் அதை இறக்கி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "இன்னாம்மா, நைனாவ அப்டியே வுட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று. நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. பேச ஆரம்பித்தால் திட்டுவேன், திட்டினால் அழுவேன், அழுதால் பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்திருக்கும் உன் நைனாவுக்குக் கேட்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலூர் ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று நீயாக முடிவு செய்துகொண்டு, சென்னையில் பெரிய இடத்தில் பெட் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஆம்புலன்ஸோடு வருகிறேன் என்கிறாய். வருவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு. வேறு யாருக்குக் காட்ட வேண்டுமானாலும் காட்டு. இதய நோயோடு ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு இதே மாதிரி போனில் சண்டை போடுகிற அம்மாக்களும் பிள்ளைகளும் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை.

ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டர் முதன்முதலில் சொன்ன நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் நானும் முழித்துக்கொண்டு நின்றோம். ஃபெயில் ஆன இதயத்தோடு இந்த மனுஷன் எப்படி டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதயம் நின்றுபோகவில்லை, பலம் குறைந்துவிட்டது, ரத்தத்தை முன்போல் தள்ள முடியவில்லை, அதனால் நுரையீரலிலும் காலிலும் வயிற்றிலும் நீர் தேங்குகிறது என்று டாக்டர் படம் போட்டு விளக்கிய பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. மாத்திரைகளை விடாமல் போட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். அவ்வளவுதானே என்று வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியில் நைனா பிரியாணிக் கடையைப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மியா ஒரு அரை பிளேட்டு போடுவானா, கேளேன்" என்றார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பிலேயே நாம் ரொம்ப காலம் ஓட்டிவிட்டோம்.

கேன்சர் என்றால் சொந்தக்காரர்கள் எல்லாம் பதறிப்போய் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். இது அப்படி இல்லை. திடீரென்று மூச்சு முட்டும், ஆட்டோ பிடித்து ஓடுவோம், ஊசி போட்டு நீரை இறக்குவார்கள், சில நாளில் முகம் தெளிந்து, காபி ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று என்னை அதட்டும் அளவுக்குத் தேறி வீட்டுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டார் என்பதால் அடுத்த தடவையும் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டோம். போகும்போது இருந்த மனுஷன்தான் திரும்பி வந்தாரா என்று யாரும் பார்க்கவில்லை. முதல் தடவை வந்தபோது மார்க்கெட்டுக்கு நடந்தார். அடுத்த தடவை தெருமுனை வரை போனார். போன தடவை வந்த பிறகு வாசல்படியில் உட்கார்ந்ததோடு சரி. அட்மிஷன்களுக்கு இடையே இருந்த இடைவெளியும் குறைந்துகொண்டே வந்தது. நீ ஒவ்வொரு முறையும் வந்து, டிஸ்சார்ஜ் ஆனதும் அன்றே ரயில் ஏறினாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் அடுத்த நாளே வேலைக்குப் போனவள்தான்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஷூவின் மேல்பாகம் தைத்து வருவதை மேசையில் பரப்பிப் பார்த்து, தப்பு இருந்தால் ஒதுக்குவது. ஒரு தையல் தவறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குப் பெயர். உன் நைனா சாம்பிள் ரூமில் இருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு டிசைன் அனுப்பினால், ஃபேக்டரியில் முதல் ஜோடியை உருவாக்குவது அந்த அறையில்தான். கால் வடிவக் கட்டையில் தோலை ஏற்றி இழுத்துப் பிடித்து அவர் அடிக்கும் அழகைப் பார்க்க மற்ற செக்ஷன்காரர்கள் வந்து நிற்பார்கள். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிற மனுஷன். உன்னைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன வீட்டில்கூட வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, "நல்ல குடும்பம், ஜோடி ஜோடியா வச்சிருக்காங்க" என்று என் காதில் சொன்னார். உன் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு தீராத மனக்குறை உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து இன்றுவரை நீ ஷூவின் நாடாவை அவிழ்த்ததே இல்லை. ஒரு காலால் இன்னொரு காலின் குதிகாலை மிதித்து உதறிவிட்டு உள்ளே ஓடிவருவாய், கிளம்பும்போது அப்படியே திணித்துக்கொண்டு ஓடுவாய். "டேய், பின்பக்கம் செத்துப்போய்டும்டா, குனிஞ்சி அவுத்தா இன்னா?" என்று அவர் கத்தாத நாள் இல்லை. நீ போன பிறகு அந்த ஷூவை எடுத்து, மடிந்துபோன பின்பக்கத்தைக் கட்டைவிரலால் நீவி நேராக்கி வைப்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தால் என்ன செய்வார்? மற்ற வீடாக இருந்தால் செருப்பு நுழையவில்லை என்று ஒருநாள் வாசலில் நின்று புலம்பியிருப்பார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். நம் வீட்டில் செருப்பு நுழையாமல் போன நாளே கிடையாது. முதலில் மேல்பட்டையைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு அதை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்துகிற மாதிரி செய்தார். அதுவும் போதாமல் போனபோது, அடியையே அகலமாக வெட்டி, உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்சு வைத்து ஒரு புது ஜோடி செய்துகொண்டார். மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து அவர் அதைச் செய்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். ரிட்டயரான பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கும் ஒரு ஜோடி செய்துகொடு என்று வேறு கேட்டேன். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நேராக இருக்கிறது என்று பாராட்டினேன். அந்தச் செருப்பு ஏன் அவ்வளவு அகலம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் அவ்வப்போது போன் செய்து விசாரிப்பார். எடை ஏறியிருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, செருப்பு இறுக்கமாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார். "செருப்பு டைட்டா இல்ல சிஸ்டர், நல்லா ஃப்ரீயா இருக்கு" என்பார் இவர். சத்தியமான பதில். வீக்கம் சாயங்காலத்துல லேசா இருக்கும் என்பார். எடை மெஷினில் பேட்டரி தீர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது, அதையும் பரவாயில்லை என்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதா என்றால் இல்லை. அதுவும் சத்தியம்தான், ஏனென்றால் மூச்சு வாங்குகிற காரியம் எதையும் அவர் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு நடந்துபோய், ரபீக் பாயோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவது அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். அதை நிறுத்தினார். ஏன் என்றால், "அலுத்துப்போச்சுப்பா" என்றார். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த மனுஷன் பிரியாணி அலுத்துவிட்டது என்கிறார், நானும் சரி என்று உப்புமா கிண்டிக் கொடுத்தேன். பாய் பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தபோது தொட்டுக்கொள்ள வைத்திருந்த கத்தரிக்காயில் ஒரு துண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி சாய்ந்துவிட்டார். "இன்னாமா, தோஸ்த் என் மேல கோச்சிக்கிட்டானா?" என்று பாய் வாசலில் என்னிடம் கேட்டுவிட்டு மனசு கஷ்டப்பட்டுப் போனார். கோபம் இல்லை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு போதவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

உன்னிடமும் இதே கதைதான். வீடியோ கால் எப்போதும் காலை பதினொரு மணிக்குத்தான் வரும், கவனித்தாயா? அந்த நேரத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். வயிறு உப்பியிருப்பது தெரியக் கூடாது என்று போனை மார்புக்கு மேல் பிடிக்கச் சொல்வார். துவைத்த சட்டை போட்டு, முடி வாரி, "நல்லாத்தான் இருக்கேன்டா, நீ வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டு, நீ வைத்ததும் அப்படியே சாய்ந்துகொள்வார். நான்தான் அந்த போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள். "பையனுக்கு ஆயிரம் டென்ஷன், இத வேற சொல்லி பேஜார் பண்ணாத" என்று அவர் சொன்னபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதில் உன் தப்பு ஏதும் இல்லை. போன மாதம் டாக்டர் சொன்னது உனக்கு இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும், எனக்கும்தான்.

அந்த வார்டில் என்ன நடந்தது என்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்னால் ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா வந்து, கொஞ்சம் நடந்து காட்டுங்கள் என்றார். இவர் கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பைக் காலால் இழுத்து மாட்டினார். நீரையெல்லாம் இறக்கியிருந்ததால் கால் சுருங்கிக் குச்சியாக இருந்தது. அந்தச் செருப்புக்குள் இரண்டு பாதம் போகும் போலிருந்தது, ஒவ்வொரு அடிக்கும் டப் டப் என்று அடித்தது. டாக்டர் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு செருப்பு?"

"என்னுதுதான் மேடம். இப்பத்தான தண்ணி எடுத்தீங்க, அதான் லூசா கீது. வீட்ல இருக்கறப்ப கரெக்டா இருக்கும். நானே செஞ்சது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். பட்டையைத் தளர்த்தியது, வெல்க்ரோ வைத்தது, அடியை அகலமாக வெட்டியது எல்லாவற்றையும், நடுநடுவே மூச்சுக்கு நிறுத்தி, சாம்பிள் ரூமுக்கு வந்த வெள்ளைக்காரனுக்கு விளக்குவது போல விளக்கினார். டாக்டர் அம்மா செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ போன்ல சிஸ்டர் செருப்பு இறுக்கமா இருக்கான்னு கேட்டப்போ?"

"இறுக்கமா இல்லியே மேடம். இருக்கறதத்தான சொன்னேன்."

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பிறகு அவர், "சரிங்கய்யா, நான் கேள்விய மாத்திக் கேக்கறேன். போன வருஷம் இந்நேரம் செஞ்சிட்டு இருந்ததுல, இப்போ எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்கு என்ன தெரியும்? பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரியாணிக் கடை, மொட்டை மாடி. நின்றபடி குளிக்க முடியாததால் ஸ்டூல் போட்டுக்கொண்டது. வயிறு உப்பியதால் பேண்ட்டை விட்டு லுங்கிக்கு மாறியது. பசி போனது. சட்டைக்குள் தோளும் கையும் இளைத்துப்போனது. தூங்குவதை மட்டும் கடைசியாகத்தான் சொன்னார். டிவி பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிவிட்டேன் என்று தினமும் என்னிடம் சொல்வார், நானும் டிவிப் பைத்தியம் என்று திட்டுவேன். "படுத்தா முட்டுது மேடம். அப்டியே போய்டுமோன்னு பயமா இருக்கு. அதான் படுக்கறதே இல்ல" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் உன் நைனா பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன், கார்த்தி. எனக்குத் தெரியவில்லை.

உங்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் டாக்டர் அம்மா பேசினார். அடிக்கடி அட்மிஷன் ஆகிறது, நீர் மாத்திரையைக் கூட்டியும் முன்போல் கேட்கவில்லை, ரத்த அழுத்தம் இறங்குவதால் மற்ற மருந்துகளைக் குறைக்க வேண்டியிருக்கிறது, சிறுநீரகமும் தளர்கிறது, உடம்பு இளைக்கிறது. ஆபரேஷன், இதயத்தில் மெஷின் பொருத்துவது எதுவும் இவர் உடம்புக்குச் சரிவராது என்று பெரிய டாக்டர்கள் ஏற்கெனவே கூடிப் பேசிப் பார்த்துவிட்டார்கள். "ஒரு வருஷத்துக்குள்ள இவர் இறந்துட்டா நமக்கு ஆச்சரியமா இருக்குமான்னு நாங்க எங்களையே கேட்டுக்குவோம். இவர் விஷயத்துல எனக்கு ஆச்சரியமா இருக்காதும்மா. நான் நாள் குறிக்கல, அது யாராலயும் முடியாது. ஆனா இப்பவே பாலியேட்டிவ் டீமும் கூடச் சேர்ந்துக்கிட்டா நல்லது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் நீ போனில் காட்டியதைவிட ஜாஸ்தி. "அது கேன்சர்காரங்களுக்குத்தான? இவருக்கு இன்னா, முடிஞ்சிடுச்சின்னு எழுதி அனுப்பறீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். செக்கிங் மேசையில் கத்திப் பழகிய தொண்டை. டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இதயத்துக்கான மாத்திரை ஒன்றையும் நிறுத்தவில்லை, இதய டாக்டர் எப்போதும் போல் பார்ப்பார், அதோடு கூட மூச்சுத் திணறலுக்கும் பயத்துக்கும் தூக்கத்துக்கும் வீட்டில் பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் சேர்த்து ஒரு வைத்தியம் என்றார். கடைசி நாளுக்காகக் காத்திருக்கிற வைத்தியம் இல்லை, கஷ்டம் எப்போது தெரிகிறதோ அப்போதே ஆரம்பிக்க வேண்டியது, இவருக்குப் போன வருஷமே ஆரம்பித்திருக்கலாம், கஷ்டம் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். நான் செருப்பைப் பார்த்தேன்.

இப்போது வாரத்தில் ஒருநாள் ஸ்டெல்லா சிஸ்டர் என்று ஒருவர் வீட்டுக்கே வருகிறார். கையில் பெரிய மெஷின் எதுவும் இருக்காது. வந்ததும் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்துகொள்வார். முகத்துக்கு நேராகக் காற்று படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேனை வைக்கச் சொன்னார், அதில் மூச்சுத் திணறல் இவ்வளவு தணியும் என்று நான் நினைக்கவே இல்லை. தலைப்பக்கத்தை உயர்த்துகிற கட்டிலை வாடகைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார், தெருப் பக்கத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். மூச்சு முட்டும்போது கொடுக்க டாக்டர் மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெயரைக் கேட்டு நீ பயப்படாதே, நானும் பயந்தேன். மயங்கிக் கிடக்கவில்லை, தெளிவாகத்தான் இருக்கிறார். மலச்சிக்கல்தான் தகராறு, அதற்கும் ஒரு மருந்து உண்டு. போன வியாழக்கிழமை கட்டிலில் சாய்ந்து நன்றாகக் குறட்டை விட்டார். முன்னெல்லாம் அந்தக் குறட்டைக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், அன்றைக்கு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என்னையும் விடுவதில்லை. "நீங்க தூங்கினீங்களாம்மா?" என்று கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். "ஐயா மாதிரியே பேசறீங்களே" என்றார்.

நாளைக்கு உன் நண்பன் வீட்டிலோ உன் மாமனார் வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிடாதே. நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். எதை விட்டுவிட்டார்கள் என்று பார். எங்கே தூங்குகிறார்கள், எத்தனை தலையணை, குளிக்கப் போனால் எவ்வளவு நேரம் ஆகிறது, யார் வந்தால் தூங்குகிற மாதிரி நடிக்கிறார்கள் என்று பார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அடிக்கடி ஆகிறதென்றால், வந்துவிட்டார் என்று மட்டும் சந்தோஷப்படாமல், அடுத்து என்ன என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். அந்தக் கேள்வியை நாம் கேட்கட்டும் என்று டாக்டரும், அவர் சொல்லட்டும் என்று நாமும் இருந்துவிடுகிறோம். பிரியாணி அலுத்துவிட்டது என்று ஒரு ஆம்பூர்க்காரர் சொன்னால் தயவுசெய்து நம்பாதே.

இனிதான் நான் சொல்ல வந்தது. போன வியாழன் சிஸ்டர் அவரிடம், "ஐயா, இனிமே எப்படி இருக்கணும்னு ஆசைப்படறீங்க?" என்று கேட்டார். வழக்கம் போல், "இன்னா சிஸ்டர், அவங்க எப்டி சொல்றாங்களோ அப்டி" என்றார். சிஸ்டர் எழுந்து போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு உன் நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐ.சி.யு.ல போட்டா கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு பாத்துட்டுப் போய்டறாங்க சிஸ்டர். கைய கட்டி வச்சிட்டாங்க போன தபா. மூக்கு அரிச்சா சொறிய முடியல. அங்க போக வேணாம். சளி, காய்ச்சல், தண்ணி ஜாஸ்தியாச்சின்னா ஊசி போட வார்டுக்கு வரேன், அது பரவால்ல. ஆனா கடைசியா இந்த வீட்ல இருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இவ தூங்கணும். பையன் வந்தா கொஞ்ச நேரம் ஒக்காரணும், வந்ததும் ஓடறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதனால்தான் எனக்கு இந்தச் சனிக்கிழமையை நினைத்தால் பயமாக இருக்கிறது. நீ ஆம்புலன்ஸோடு வந்து நின்று, "நைனா, சென்னைக்குப் போலாம், எல்லாம் சரியாய்டும்" என்று சொன்னால், அவர் மாட்டேன் என்று சொல்வார் என்றா நினைக்கிறாய்? சொல்ல மாட்டார். உன் முகத்தைப் பார்ப்பார். இவ்வளவு பாடுபட்டு ஏற்பாடு செய்திருக்கிறானே என்று, "சரிப்பா, போலாம்" என்பார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நீயும் அவரே சம்மதித்துவிட்டார் என்று நம்புவாய். வீங்கின காலுக்குச் செருப்பை அகலமாக்கிக்கொண்ட மாதிரி, உன் ஆசைக்கும் தன்னை அகலமாக்கிக்கொள்வார். ஒருவேளை அங்கே கண்ணாடிக்குப் பின்னால், கை கட்டப்பட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்ல முடியாமல் முடிந்துவிட்டால், நீ வாழ்நாள் பூராவும் அதைச் சுமப்பாய். அவர் உன் மனசு நோகக் கூடாது என்று போவார், நீ அவர் உயிர் போகக் கூடாது என்று கூட்டிக்கொண்டு போவாய், இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

வேறொரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றால் தாராளமாகக் கேள். ரிப்போர்ட்டுகள் எல்லாம் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், நீ மட்டும் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. அவர்கள் இவருக்குச் செய்ய உண்மையிலேயே ஏதாவது இருக்கிறது என்றால் நானே முதல் ஆளாக வண்டியில் ஏறுகிறேன். எனக்கும் அவர் வேண்டும், கார்த்தி. உனக்கு முன்னாலிருந்தே எனக்கு அவர் வேண்டும். அவர் இல்லாத வீட்டில் யாரிடம் சண்டை போடுவேன்? விட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்யவில்லை. இத்தனை நாள் அவர் கஷ்டத்தைப் பார்க்காமல் விட்டதுதான் நடந்த தப்பு, இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

சாப்பிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை ரயிலில் வா. ரபீக் பாயிடம் சொல்லியிருக்கிறேன், பார்சலோடு வருவார், தோஸ்த் கோபித்துக்கொள்ளவில்லை என்று இப்போது அவருக்கும் தெரியும். நைனா நாலு வாய்தான் சாப்பிடுவார், மீதி உனக்கு. வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பரவாயில்லை என்பார், அதைக் கேட்டுவிட்டு எழுந்துவிடாதே. போனை எடுத்துப் பார்க்காதே. சும்மா உட்கார்ந்திரு, பிறகு இன்னொரு முறை கேள், அவர் சொல்வார்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம் என்றேன் அல்லவா? அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். இப்போதும் யார் வந்தாலும் அவர் முதலில் காலைத்தான் பார்க்கிறார். நீ படியேறும்போது உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஒருநாளாவது குனிந்து, ஷூவின் நாடாவை முழுசாக அவிழ்த்துவிட்டு உள்ளே வா.

அம்மா